பேப்பரைப் பிரிப்பதற்கு முன் சொன்னது

சுங்கை வே, வியாழக்கிழமை

தம்பி,

நாளைக் காலை உன் அம்மா பஸ் ஏறிக் கிள்ளானுக்கு, உன் அக்கா வீட்டுக்கு வருகிறாள். அவள் கையில் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று, திங்கட்கிழமை நீ அலமாரி மேல் வைத்துவிட்டுப் போன சாக்சபோன் பெட்டி. இன்னொன்று இந்தக் கடிதம். கடிதத்தைப் படிக்காமல் தூக்கிப் போட்டாலும் போடு, ஏன் என்று கேட்க மாட்டேன். பெட்டியை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே. அம்மாவுக்குத் தோள்வலி, அவ்வளவு கனத்தை அவள் மறுபடியும் சுமக்கக் கூடாது என்பது ஊருக்குச் சொல்கிற காரணம். உண்மைக் காரணத்தைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். கிள்ளான் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. ஆனால் நீயும் நானும் நேருக்கு நேர் பேசியதெல்லாம் சாப்பாட்டையும் காரையும் பற்றித்தான். மற்றவை எல்லாம் அம்மா வழியாகவே போய்வந்தன. இந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் வந்தது செய்தி. சனிக்கிழமை ஹாங்காங்கில் வாசிக்கப் போக டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா சொன்ன அந்த போர்ட் வேல இன்னும் இருக்காமா?" என்று போனில் கேட்டாயாம். உனக்குத் தெரியும், துறைமுகத்தில் கணக்கு எழுதுகிற அந்தக் கிராணி வேலைக்காக நான் உன்னை எவ்வளவு நச்சரித்தேன் என்று. நீ இப்படிக் கேட்கமாட்டாயா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். அன்றைக்கு அம்மா வந்து சொன்னபோது வெட்கமாக இருந்தது. உன்னை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது ஞாயிற்றுக்கிழமை என் வாயில் வந்த வார்த்தை.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மாஸ்டர் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ அந்த வீட்டுக்கு என்னை எத்தனையோ முறை காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறாய், ஆனால் அந்தக் கூட்டம் எப்படி உண்டானது என்று நான் உனக்குச் சொன்னதில்லை. நான் ரயில்வேயில் சரக்குக் கிராணியாக பிரிக்பீல்ட்ஸிலிருந்து துறைமுகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம். நீ அப்போது கைக்குழந்தை. ஒரு கப்பல்காரன், பிலிப்பினோ, சரக்குக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கியவன், நான் வாங்கிக் கொடுத்த கோப்பிக்குப் பதிலாக ஓர் இசைத்தட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனான். வீட்டில் போட்டேன். உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து ஊசி கெட்டுப்போச்சா என்று கேட்டாள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் மறுநாளும் போட்டேன், அதற்கு மறுநாளும் போட்டேன். யாரோ ஒருவன் எதையோ சொல்ல வந்து, சொல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறான் என்று மட்டும் புரிந்தது. அப்படி ஒருவனை எனக்கு ரொம்ப நன்றாகத் தெரியும், நான்தான் அவன்.

பிறகு கிள்ளான் கடைகளில் கப்பல்காரர்கள் விட்டுப் போகும் பழைய தட்டுகளைத் தேடிப் போக ஆரம்பித்தேன். ஒருநாள் ரயிலில் என் மடியில் இருந்த பையைப் பார்த்துவிட்டு எதிரே இருந்தவர் ஜாஸா என்று கேட்டார். அவர்தான் செல்வநாயகம் மாஸ்டர், யாழ்ப்பாணத்து ஆள், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் ரோட்டுப் பக்கம் அவர் வீடு. அந்த வாரமே போனேன். பிறகு மருந்துக் கடை ஓங் கிள்ளானிலிருந்து வந்து சேர்ந்தார். ரேடியோ தொழிற்சாலையில் வேலை பார்த்த டேனியல் சுங்கை வேயிலிருந்து வந்தார். நாலு பேர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆளுக்கு ஒரு ரெக்கார்டு, தமிழும் மலாயும் இங்கிலீஷும் கலந்த ரோஜாக் பேச்சு. அவ்வளவுதான் எங்கள் சங்கம். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை.

ஆனால் வழக்கம் ஒன்று வைத்திருந்தோம். கொண்டுவருகிற ரெக்கார்டை உறையோடு பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு வரவேண்டும். தட்டும் கேசட்டும் ஓடுகிற மாஸ்டரின் பிளேயர் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கொண்டுவந்தவர் அதில் போட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பேப்பரைப் பிரித்து வாசித்தவன் யார் என்று காட்டுவது. ஒருதடவை ஓங் ஒரு தட்டைக் கேட்டுவிட்டு, இது மார்க்கெட்டில் கோழி கத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். பேப்பரைப் பிரித்தால் உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஆள். உடனே ஓங், இல்லை இல்லை, இரண்டாவது முறை கேட்டால் ஆழம் தெரியும் என்று இழுக்க ஆரம்பித்தார். எனக்கு வந்தது பார் கோபம். பெயரைப் பார்த்து மாறுகிற காது காதா என்று எழுந்து நின்று கத்தினேன். அன்றைக்கே சட்டம் போட்டேன்: பேப்பரைப் பிரிப்பதற்கு முன் சொன்னதுதான் பேச்சு, பிரித்த பின் மாற்றுகிறவன் அடுத்த கூட்டத்துக்கு எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கி வரவேண்டும். ஓங் பலமுறை வாங்கி வந்திருக்கிறார். டேனியலும் மாஸ்டரும்கூட. நான் மட்டும் வாங்கியதே இல்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டது உனக்கும் தெரியும். வீட்டில் உன் அம்மா கறிபாப் பொரிக்கும்போதெல்லாம், "இது நான் சட்டத்துக்காக வாங்கினது இல்ல" என்று சொல்லிச் சிரிப்பேனே.

இப்போது நம் பழைய வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ அங்கேதான் வளர்ந்தாய், உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் எனக்கு அது மறந்துபோனதால்தான் இவ்வளவும் நடந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. ரயில் வரும்போது பேசுகிறவர்கள் அப்படியே நிறுத்திவிடுவார்கள். கத்திப் பேசுவதில்லை, சைகை காட்டுவதில்லை. வாயில் வந்த சொல் வாயிலேயே நிற்கும். கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்தே தொடர்வார்கள். உன் அம்மா என்னைத் திட்டும்போது, "உங்கள கட்டிக்கிட்டு நான்" என்று நிறுத்துவாள், மொத்தச் சரக்கு ரயிலும் போகும், அப்புறம் "என்னத்த கண்டேன்" என்று முடிப்பாள். நடுவில் கோபம் ஒரு துளிகூட ஆறியிருக்காது. நீயும் உன் அக்காவும் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து சுங்கை வேக்கு வந்த பிறகு, எனக்கு அந்தப் பழக்கம் போய்விட்டது. போய்விட்டது என்பதையே நான் கவனிக்கவில்லை.

நீ பள்ளிக்கூட பேண்டில் சேர்ந்து சாக்சபோனைத் தூக்கிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய். நீ ஊதிய சத்தம் அப்படி. கன்றுக்குட்டி கயிற்றில் மாட்டிக்கொண்டு கத்துகிற மாதிரி. அதற்குப் பிறகு ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டு எஞ்சின் டிரைவர் ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறார், அவர் புகார் சொல்கிறார், இனிமேல் பின்னால் வேலியோரம் போய் வாசி என்று சொன்னேன். தம்பி, அவர் புகார் சொன்னதே இல்லை. அது நான் கட்டிய பொய். "பையன் நல்லா தம் கட்றான், நிறுத்திப்புடாதீங்க" என்றுதான் ஒருமுறை அவர் என்னிடம் சொன்னார். என் வீட்டுக்கு எப்போதாவது மாஸ்டரோ ஓங்கோ வந்தால், ஜாஸ் பேசுகிறவன் வீட்டில் இப்படி ஒரு சத்தமா என்று நினைப்பார்களே என்றுதான் உன்னைத் துரத்தினேன். நீயும் வெயிலென்று பார்க்காமல் தண்டவாள வேலியோரம் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று வருஷக்கணக்காக வாசித்தாய். அந்த டிரைவரைப் பார்க்கும்போதெல்லாம் நீ தலையைக் குனிந்துகொண்டு போவாய். அவர் என்ன தப்புச் செய்தார், நீ என்ன தப்புச் செய்தாய்?

பிறகு நீ ஓட்டல் பேண்டில் சேர்ந்தாய். பிலிப்பினோக்காரர்களோடு லாபியில் வாசிக்கிறான் என்று கேள்விப்பட்டதும் நான் என்ன சொன்னேன் என்பதை அம்மா உனக்கு மெதுவாக்கித்தான் சொல்லியிருப்பாள். "நம்ம ஆளுங்க கேக்கப் பொறந்தவங்க. வாசிக்கிறவன் வேற ஜாதி, வேற ஊரு" என்றேன். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். விற்கப் போனவனைப் பற்றிச் சொன்ன பழமொழி என்று நினைத்திருந்தேன். வாங்காமல் நின்றது நான் என்று இப்போதுதான் தெரிகிறது. இருபது வருஷம் நான் கைதட்டியதெல்லாம் தூரத்தில் இருந்தவர்களுக்கு. அவர்கள் யாருக்கும் என் கைதட்டல் கேட்டிருக்காது. கேட்கிற தூரத்தில் இருந்தவன் நீ ஒருவன்தான். நீ வாசித்து நான் ஒருநாளும் வந்து உட்கார்ந்து கேட்டதில்லை. அந்த ஓட்டல் வாசல் வழியாக பஸ்ஸில் போயிருக்கிறேன், இறங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அது மாஸ்டர் உனக்காகச் செய்த ஏற்பாடு என்று எனக்கு இப்போது தெரியும். ஓட்டலில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானத்தில் டேனியல் ரெக்கார்டிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நீயும் உங்கள் பேண்டின் பியானோக்காரரும் வாசித்ததைக் கேசட்டில் பிடித்தாராம். நீ ஊரை விட்டுப் போவதற்கு முன், உன் அப்பன் யாரென்று தெரியாமல் கேட்டு மனசாரச் சொல்லட்டும் என்று அந்தப் பெரிய மனுஷன் நினைத்திருக்கிறார். என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார், பாதி வரைக்கும். கேசட் என்று சந்தேகம் வராதிருக்க ஒரு பழைய தட்டுறையில் வைத்துப் பேப்பர் சுற்றியிருந்தார். என்னை அழைத்துப்போக வந்த நீ சீக்கிரமே வந்து பின்னால் பிளேயர் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு பாட்டுதான், மெதுவானது. சாக்சபோன், கூடப் பியானோ மட்டும். பின்னால் எங்கோ கிளாஸ்கள் இடிபடும் சத்தம். பழைய பதிவு, ஏதோ நியூயார்க் கிளப்பில் எடுத்தது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். நடுவில் ஓர் இடம் வந்தது. சாக்சபோன் ஏறிக்கொண்டே போய், முடியப்போகிற நேரத்தில் சட்டென்று நின்றுவிட்டது. பியானோவின் அடிக்கட்டைகள் மட்டும் தாழ்வாக உருண்டுகொண்டிருந்தன. எவ்வளவோ நேரம் என்று தோன்றியது. ஓங்கூட மூச்சுவிடவில்லை. அப்புறம் விட்ட இடத்திலேயே, விட்ட அதே சுரத்திலேயே மறுபடி எடுத்தது. எனக்குக் கண் கலங்கியது. அந்த முதல் கப்பல்காரன் தட்டுக்குப் பிறகு எனக்கு அப்படி ஆனதே இல்லை. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

என் முறை வந்ததும் நான் சொன்னதை நீ கேட்டாய். இருந்தாலும் இங்கே எழுத வேண்டும். "இவன் அவசரப்படல. நடுவுல நிக்கிறான் பாருங்க, அந்த எடந்தான். யாருக்கோ வழிவிட்டு நிக்கிற மாதிரி நிக்கிறான். அத யாரும் சொல்லிக் குடுக்க முடியாது. நியூயார்க் ஆளு, அம்பது வயசாவது இருக்கும், நெறைய பட்டவன். இந்த வீட்டுல நான் கேட்டதுலேயே இதுதான்" என்றேன். இதுதான் என்றவன் மேலே சொல்ல வார்த்தை இல்லாமல் நிறுத்திவிட்டேன்.

மாஸ்டர் பேப்பரைப் பிரித்தார். ஓடி முடிந்ததும் அவர் மறுபடி உள்ளே வைத்திருந்த கேசட் உறையிலிருந்து விழுந்தது. அதன் மேல் உன் கையெழுத்தில் உன் பெயர். ஓங் எட்டிப் பார்த்துவிட்டு, "யுவர் ஓன் பாய் லா" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் சந்தோஷத்தில் சிரித்தார். டேனியலும் சிரித்தார். அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? பெருமை வரவில்லை. நீ என்கிற நினைப்பே வரவில்லை. ஐம்பது வயசு, நியூயார்க், நிறைய பட்டவன் என்றெல்லாம் அளந்துவிட்டு, சொந்த மகனையே அடையாளம் தெரியாத முட்டாளாக உட்கார்ந்திருக்கிறேனே, இனி வாரா வாரம் இதைச் சொல்லிச் சிரிப்பார்களே என்கிற பயம்தான் வந்தது. அந்தப் பயம் வாயைத் திறந்தது.

"அதானே பாத்தேன். நடுவுல மூச்சு வாங்குது, அதான் நிறுத்திட்டான். யாரோ வாசிச்சத கேட்டு காப்பி அடிச்சிருக்கான். ஓட்டல்ல சாப்பிட வர்றவனுக்கு இது போதும்."

ஒரே இடம், தம்பி. எந்த இடத்துக்காகக் கண் கலங்கினேனோ அதே இடத்தைத்தான் குறை சொன்னேன். அதை விட்டு வேறு எதையாவது சொல்லியிருந்தாலும் ரசனை என்று தப்பித்திருக்கலாம். ஓங்கின் சிரிப்பு நின்றுவிட்டது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஐசே, அது நீர் போட்ட சட்டமெல்லோ" என்றார். நீ எழுந்து வந்தாய், கேசட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய், "போலாமாப்பா" என்றாய். குரலில் ஒன்றுமே இல்லை. எப்போதும் கூட்டம் முடிந்ததும் கேட்கிற மாதிரியே கேட்டாய்.

காரில் பாதி வழியில் சிக்னலில் நின்றபோது நீ என்னைப் பார்க்காமல், "அந்த எடத்துல ரயில் போகும்பா" என்றாய். நான் வெளியே பார்த்தேன். கடைகளும் லோரிகளும்தான் இருந்தன. "இங்க ஏதுடா ரயிலு?" என்றேன். நீ தலையை ஆட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாய். அதுதான் நீ எனக்குக் கொடுத்த கடைசி வாய்ப்பு. அதையும் நான் சாலையைப் பற்றிய பேச்சாக்கிவிட்டேன். மறுநாள் காலை நான் எழுந்தபோது நீ அக்கா வீட்டுக்குப் போயிருந்தாய், பெட்டி அலமாரி மேல் இருந்தது. அவனை என்ன சொன்னீர்கள் என்று அம்மா கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சோற்றை வைத்துவிட்டு அவள் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை உன் போன் செய்தி வந்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நேற்றுக் காலை பஸ் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போனேன். மாஸ்டரைப் பார்க்கத்தான் போனேன், ஆனால் அவர் முகத்தில் விழிக்கத் தைரியம் வராமல் நம் பழைய குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தேன். நாம் இருந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். பின்பக்கம் ஒரு பெண் துணி காயப் போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். "அவரு வந்து கேட்டா நான் சொல்லிடுவேன்" என்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள். கையில் ஈரத் துணி, வாய் பாதி திறந்தபடி. பின்னால் சரக்கு ரயில் உருண்டுகொண்டு வந்தது. எல்லாப் பெட்டியும் போனது. "எல்லாத்தையும்" என்று முடித்தாள்.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். பியானோவின் அடியில் உருண்டது எது என்று அப்போதுதான் புரிந்தது. முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவன், எந்த ரயில் எந்த நேரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், ரயிலைக் கேட்டு நியூயார்க் என்று சொல்லியிருக்கிறேன். நீ அந்த மரத்தடியில் வாசித்தபோது ரயில் வந்தால் நிறுத்தியிருப்பாய், போனதும் விட்ட இடத்தில் எடுத்திருப்பாய். ஆயிரம் தடவை அப்படிச் செய்திருப்பாய். அதைப் போய் மூச்சு வாங்குது என்றேன், காப்பி என்றேன். யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது என்று முதலில் சொன்னது மட்டும் சரி. ஒரு பொய்யைச் சொல்லி உன்னை அங்கே துரத்தினேன், நீ அதையே பாட்டாக்கிவிட்டாய். அங்கே நின்று நான் அழுதேன். அந்தப் பெண், "யாரு வேணும் அங்கிள்?" என்று கேட்டாள். பழைய வீட்டைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

போகிற வழியில் கறிபாப் வாங்கினேன். மாஸ்டர் கதவைத் திறந்ததும் பொட்டலத்தைப் பார்த்தார், உள்ளே வழிவிட்டார். ஓங்கையும் டேனியலையும் சாயங்காலம் வரச் சொல்லிப் போன் பண்ணச் சொன்னேன். வந்தார்கள். ஓங் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்திருந்தார். அத்தனை வருஷத்தில் பிளேயரில் எதுவும் ஓடாமல் நாங்கள் நாலு பேரும் கூடியது நேற்றுத்தான். மூன்று பேர் எதிரில் அவமானப்படுத்தியதை மூன்று பேர் எதிரில்தானே திருப்பி எடுக்க வேண்டும். டிரைவர் பொய்யிலிருந்து வேலியோரம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிலீஷில் ஆரம்பித்தேன், பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன், ஓங் புரியாவிட்டாலும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முடித்ததும் மாஸ்டர்தான் பேசினார். "நீர் முதல் பாராட்டிக் கதைக்கேக்க அவன் கண்ணைத் துடைச்சவன். நான் பார்த்தனான். நீர்தான் பின்னுக்குத் திரும்பிப் பார்க்கேல்ல" என்றார். கறிபாப்பை யாரும் தொடவில்லை. கடைசியில் டேனியல் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார், நான்தான் முதலில் சாப்பிட வேண்டும் என்று. சாப்பிட்டேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, கேட்கிறேன். மன்னிக்காவிட்டாலும் ஹாங்காங் போ. போர்ட் வேலை இனி இல்லை. இன்று காலை நானே போன் பண்ணி என் மகன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டேன். என்மேல் கோபமிருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே வாசி, வீணாக்காதே. அப்பன் என்றால் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடிக்க முடியாது என்பதால் இரண்டு விஷயம் சொல்கிறேன். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், கழுத்தை மூடிக்கொள், உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. இன்னொன்று, கேட்கிறவன் சொல்வதை எப்போதும் பேப்பரைப் பிரிப்பதற்கு முன் கேட்டுக்கொள். பெயரும் ஊரும் தெரிந்த பிறகு மனிதன் பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை, தன்னைப் பற்றித்தான் பேசுகிறான். உன் அப்பன் சொன்னதும் அப்படித்தான். முதலில் சொன்னது உன் பாட்டைப் பற்றி. பிறகு சொன்னது என்னைப் பற்றி. இரண்டையும் பிரித்து எடுத்துக்கொள்ள உனக்குத் தெரியும். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது எதையாவது வைத்துக்கொண்டு கன்றுக்குட்டி மாதிரி கத்தினால், வீட்டுக்குள்ளேயே கத்தட்டும், விட்டுவிடு.

சனிக்கிழமை சுபாங் விமான நிலையத்துக்கு நான் வரலாமா கூடாதா என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பு. வேண்டாம் என்றால் வரமாட்டேன், அதில் எனக்கு வருத்தம் இருக்கும், உன்மேல் குறை இருக்காது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டில் ரெக்கார்டு கொண்டுபோக வேண்டியது என் முறை. அலமாரி நிறையத் தட்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், ஒன்றையும் கொண்டுபோக மனம் வரவில்லை. அந்தக் கேசட்டை அம்மாவிடம் கொடுத்தனுப்பு. பேப்பர் சுற்ற வேண்டாம். உன் பெயர் வெளியே தெரியும்படியே கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போகிறேன்.

உன் அப்பா